கீரைக்குக் காவல் நின்ற விளக்கு

"...அந்த லைட்ட மட்டும் கேக்காதீங்க. வேற என்ன வேணும்னாலும் கேளுங்க, வீட்டு கேட்டக் கழட்டிக் கொடுன்னாக்கூடக் கழட்டிக் கொடுக்குறேன். நான் போலீஸ்காரரு மூஞ்சிய நேராப் பாத்துச் சொல்லியிருக்கேன், இந்தச் செடிக்கு நான் பொறுப்புன்னு. சொன்னது சொன்னதுதான்லா. லைட்டு அணையாது."

இப்படிச் சொன்னவர் எங்கள் தாமானின், அதாவது எங்கள் குடியிருப்புப் பகுதியின், சங்கத் தலைவர். ஊரே அவரைச் சேர்மன் என்றுதான் கூப்பிடும். எனக்கு அவர் சேர்மன் அண்ணன். நாங்கள் நின்றிருந்த இடம், மலேசியாவில் கிள்ளான் நகரில் எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் ஓடும் சந்து. ஒரு பக்கம் எங்கள் சமையலறைக் கதவுகள். இன்னொரு பக்கம் லொங்கான் என்று நாங்கள் சொல்லும் சாக்கடைக் கால்வாய். இரண்டுக்கும் நடுவில் ஒரு கீரைப் பாத்தி. பாத்திக்குச் சொந்தக்காரி என் அண்ணி, காலமான என் அண்ணனின் மனைவி. அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சேர்மனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நடுவில் நின்று செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேன்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் சற்று நேரத்தில் சேர்மன் உள்ளே போய்ச் சுவிட்சைத் தட்டுவார். விளக்கு எரிந்தால் அந்தக் கீரை பூக்காது. பூக்காவிட்டால் விதை இல்லை. விதை இல்லையென்றால் அண்ணியின் கீரை அத்தோடு முடிந்தது. வேறு எங்கே போய்த் தேடினாலும் கிடைக்காது. நான் தேடிப் பார்த்தவன்.

ஒரு விளக்குக்கும் கீரைக்கும் என்ன பகை என்று கேட்பீர்கள். நானும் அப்படிக் கேட்டவன்தான்.

அது புளிச்சக்கீரை. பாசாரில் கட்டுக் கட்டாகக் கிடைக்கிறதே என்று சொல்லிவிடாதீர்கள், அண்ணி காதில் விழுந்தால் வம்பு. பாசார்க் கீரை ஒரே அச்சில் வார்த்தது போல் இருக்கும், புளிப்பும் வந்தும் வராமலும் இருக்கும். அண்ணியின் கீரை தண்டு சிவந்தது. அடியில் இருக்கிற இலைகள் முழுசாக, சாதுவாக இருக்கும். மேலே போகப் போக இலை விரல் விரலாகப் பிரிந்து, ஓரமெல்லாம் ரம்பம் மாதிரி பல் வைத்துக்கொண்டு நிற்கும். வாயில் வைத்தால் அந்தப் புளிப்பு காது மடல்வரை போய்த் திரும்பி வரும். "என் கீரையத் தின்னா கோவமா இருக்கிறவன்கூடக் கண்ணடிப்பான்" என்பார். பொய்யில்லை. முதல் கவளத்தில் எல்லோருக்கும் ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும்.

டெங்கில் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து கல்யாணமாகி வந்தபோது துணிப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்த விதை அது. நம் ஊர்ச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் அந்த விதை ரொம்ப நாள் உயிரோடு இருக்காது. வருசாவருசம் போட வேண்டும், வருசாவருசம் எடுக்க வேண்டும். ஒரு வரிசையை மட்டும் கிள்ளாமல் விட்டு, பூக்க விட்டு, காய் காய்ந்து சுணை கையில் குத்தக் குத்த உடைத்து எடுப்பார். நெட்டைச் செடி, குட்டைச் செடி, நல்ல சிவப்பு, பாதிப் பச்சை என்று எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒரே பிஸ்கட் டின்னில் கொட்டிவிடுவார்.

"நல்லா வந்ததுல மட்டும் எடுத்தா என்ன அண்ணி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எல்லாம் ஒரே மூஞ்சியா வந்துரும். அப்புறம் ஒரு நோவு வந்தா ஒண்ணும் மிஞ்சாது. நம்ம வீட்டுலயே பாரேன், ஒருத்தன் குடிகாரன், ஒருத்தன் சாமியாடி, ஒருத்தன் நீ. அதனாலதான் குடும்பம் ஓடுது."

நான் பள்ளிக்கூடத்தை ஆறாம் வகுப்போடு விட்டவன். மனிதர்கள் வாயிலிருந்து விழுகிறதைப் பொறுக்கிப் படித்தவன். வாடகைக்கார் ஓட்டுகிற வேலை எனக்கு அதனால்தான் பிடிக்கிறது. பின் சீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை விதமான பேச்சு ஏறி இறங்குகிறது! ஆனால் அண்ணி சொன்ன இந்தப் பேச்சு அளவுக்கு எதையும் நான் திரும்பத் திரும்ப நினைத்ததில்லை.

வினை கல்யாணத்தில் வந்தது. அண்ணியின் மகளுக்குக் கல்யாணம். தாம்பூலப் பையில் என்ன போடுவது என்று வீட்டில் பேச்சு. சாவிக்கொத்து போடலாம் என்றாள் மகள். மிட்டாய் போதும் என்றேன் நான். அண்ணி எழுந்து போய்ப் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்தார்.

"ஆளுக்கொரு பொட்டலம் விதை போடுவோம். எல்லார் வீட்டுலயும் இருந்தா, நாளைக்கு என் வீட்டுல இல்லாமப் போனாலும் யாருகிட்டயாவது கேட்டு வாங்கிக்கலாம்ல?"

கேட்க எவ்வளவு சரியாக இருக்கிறது பாருங்கள். நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து குட்டிக் குட்டிப் பிளாஸ்டிக் பைகளில் விதையைப் போட்டு, வெற்றிலை பாக்கோடு சேர்த்து வைத்தோம். டின் காலியானது. அண்ணிக்கு அன்றைக்கு முகத்தில் அப்படி ஒரு நிறைவு. மகளைக் கட்டிக் கொடுத்ததைவிடக் கீரையைக் கட்டிக் கொடுத்ததில்தான் சந்தோசம் என்று நாங்கள் கேலி செய்தோம்.

அந்த வருசமே பெருமழை. லொங்கான் பொங்கிச் சந்தெல்லாம் தண்ணீர். விதைக்கு விட்ட வரிசை, பூ வைக்கும் முன்னாலேயே நின்ற இடத்தில் அழுகிப்போனது.

"பரவால்ல. அதான் ஊருக்கே கொடுத்திருக்கோமே. நீதான் கார் வச்சுக்கிட்டு ஊரெல்லாம் சுத்துறியே, போற வழியில கேட்டு வாங்கிட்டு வா" என்றார்.

கேட்டேன். கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா தெருத் துணிக்கடையில் வேலை செய்கிற அண்ணியின் தம்பியிடம் முதலில் போனேன். கையில் இருந்த சேலையை மடித்துக்கொண்டே யோசித்தான். "அந்தக் கறுப்புப் பொட்டலமா மச்சான்? மிளகுன்னுல்ல நெனச்சோம். ரசத்துல தட்டிப் போட்டா, காரமே இல்ல. கல்யாணத்துல போய் இப்படி மட்ட மிளகு கொடுத்திருக்கீங்களேன்னு சொல்ல வேணாம்னு விட்டுட்டேன்."

பத்துமலைப் பக்கம் இருக்கிற ஓர் ஆன்டி, சாமி அறையில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்திருந்தார். "கல்யாண வீட்டு விதை, மங்களம்னு வச்சுக்கிட்டேன்பா." பையைத் திறந்தால் பூசணம். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் ஒருவர் உண்மையிலேயே பூந்தொட்டியில் போட்டு வளர்த்திருக்கிறார். என் மனம் துள்ளியது. "வளந்துச்சு அண்ணே, நல்லாத்தான் வளந்துச்சு. இலையப் பாத்து என் மருமக பயந்துட்டா. மாமா, இது அந்த இலை மாதிரியே இருக்கு, பிடுங்கிப் போடுங்கன்னு ஒரே அழுகை."

எந்த இலை என்று நான் கேட்கவில்லை. நம் நாட்டில் அந்தச் செடியின் பெயரைச் சொல்வதற்கே மனிதர்கள் குரலை இறக்குவார்கள். உயிர் போகிற விசயம் அது.

எல்லாவற்றையும் வந்து அண்ணியிடம் சொன்னேன். மிளகு ரசத்துக்குச் சிரித்தார். பூசணத்துக்குச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "ஊருக்கே கொடுத்தேன். என்கிட்ட இருந்தவரைக்கும் ஊருக்கு இருந்துச்சு" என்றார்.

கல்யாணத்தில் மிஞ்சிய தாம்பூலப் பைகள் சில படிக்கட்டுக்கு அடியில் ஒரு மூட்டையில் கிடந்தன. மகள்தான் ஞாபகப்படுத்தினாள். ஒவ்வொன்றாகப் பிரித்தோம். பழைய விதை, பாதிக்குமேல் முளைக்காது என்று பார்த்ததுமே அண்ணி சொன்னார். பத்திரமாக ஒரு பங்கு எடுத்து வைக்கவும் வழியில்லை. வைத்தால் அதுவும் செத்துப்போகும். இருந்த அத்தனையையும் சந்துப் பாத்தியில் போட்டார். முளைத்தவரை முளைத்தது. ஒரு சின்னப் பாத்தி. உலகத்தில் இருந்த அந்தக் கீரை மொத்தமும் அதுதான்.

நானும் கிள்ளக் கூடாது, மகளும் கிள்ளக் கூடாது என்று சட்டம் போட்டார். இடுப்பளவு வளர்ந்து, மேலிலை விரல் விரிக்க ஆரம்பித்த வாரம், லொங்கானுக்கு அந்தப் பக்கம் புதிதாகக் குடிவந்த யாரோ ஒருவர் அதைப் படமெடுத்துத் தாமான் வாட்சாப் குழுவில் போட்டுவிட்டார். படத்துக்குக் கீழே வெறும் ஒரு கேள்விக்குறி. அதன்பின் வந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். மலாயில் பாதி, இங்கிலீசில் பாதி, அழுகிற முகம், முறைக்கிற முகம்.

சேர்மன் கைலியோடு ஓடிவந்தார். அவருக்கு ஒரு தம்பி உண்டு. அந்த இலை விவகாரத்தில் மாட்டி, உள்ளே இருந்து வந்தவன்; இப்போது எங்கே இருக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. அன்றிலிருந்து தன் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல் வந்துவிடக் கூடாது என்பதில் சேர்மன் வேர்த்து வேர்த்துக் கவனமாக இருப்பார். தாமானில் ஒருவன் சிகரெட்டைத் தானே சுருட்டினால்கூடக் கிட்டே போய் மோந்து பார்ப்பார்.

"அக்கா, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. இது என்ன செடி?"

"தின்னு பாருங்க" என்று அண்ணி ஓர் இலையைக் கிள்ளிக் கொடுத்தார். கிள்ளக் கூடாதென்ற சட்டத்தை அவரே மீறியது அன்றைக்குத்தான்.

சேர்மன் மென்றார். இடது கண் மூடிக்கொண்டது.

"புளிச்சக்கீரை!"

"பின்ன?"

அவர் கிளம்புவதற்குள் மோட்டார் சைக்கிளில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஒருவர் இலையைக் கசக்கி மோந்தார், இன்னொருவர் தொலைபேசியில் படம் பார்த்து ஒப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார்கள். சேர்மன் முன்னால் போய் நின்று, மலாயில், இது நாங்கள் சாப்பிடுகிற கீரை, இந்த அக்காவை எனக்கு இத்தனை வருசமாகத் தெரியும், இந்தப் பாத்திக்கு நான் ஜாமீன் என்றார். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை சேர்மன் ஏணியோடு வந்தார்.

"கீரை சரி. நாளைக்கு எவனாவது ஒருத்தன் நம்ம கீரைக்கு நடுவுல அந்தச் செடிய ஒண்ணு நட்டுட்டுப் போனா? நான்லா ஜாமீன் சொல்லியிருக்கேன்! இருட்டா இருந்தாத்தானே கேள்வி வரும். வெளிச்சம் போட்டுக் காட்டிட்டா எவன் கேப்பான்?"

பாத்திக்கு நேர் மேலே ஒரு கம்பத்தை நட்டு, பந்து மைதானத்துக்குப் போடுவது மாதிரி ஒரு வெள்ளை விளக்கும் ஒரு கேமராவும் மாட்டினார். ஒயரை அவர் வீட்டு அடுப்படியிலிருந்து இழுத்தார். பொழுது சாய்ந்தால் அவரே சுவிட்சைப் போடுவார், விடிந்தால் அவரே அணைப்பார். அண்ணிக்கு ஒரே சந்தோசம். கல்யாண வீடு மாதிரி இருக்கு என்றார். பழைய ஜாடியில் கடைசியாக மிஞ்சியிருந்த புளிச்சக்கீரைத் தொக்கை வழித்து அவருக்குக் கொடுத்தனுப்பினார்.

செடி வளர்ந்தது. என்னமாய் வளர்ந்தது! இடுப்பு, தோள், தலைக்குமேல். இலை இலையாய் வைத்தது. மொட்டு மட்டும் வைக்கவில்லை.

வழக்கமாக வர வேண்டிய நேரம் வந்தது, போனது. அண்ணி காலையில் ஒருமுறை, பசியாறியபின் ஒருமுறை, துணி காயப்போடும்போது ஒருமுறை என்று போய்ப் போய்ப் பார்த்தார். நான் வண்டியில் இருந்தால் குரல் செய்தி அனுப்புவார். கே.எல்.சென்ட்ரல் ரயில் நிலையத்தில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருப்பேன், தொலைபேசி கத்தும்: "இன்னும் இல்ல." கூட்டரசு நெடுஞ்சாலையில் நெரிசலில் நிற்பேன்: "இன்னும் இல்ல." பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர், "குழந்தையா?" என்று கேட்டார். "கீரை" என்றேன். பாவம், அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பயணம் முடிந்து அடுத்தது வருவதற்குள் கிள்ளானுக்கு ஓடிவந்து பார்த்துவிட்டுப் போவேன். உரம் அதிகமோ என்றேன். சாணி கம்மியோ என்றார் அண்ணி. தண்ணீரைக் குறைத்தோம். தண்ணீரைக் கூட்டினோம். தீபாவளி முடிந்ததும் லொங்கானை உடைத்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள், பாத்தி இருக்கிற இடத்தில்தான் மண் கொட்டுவார்கள் என்று வேறு குத்தகைக்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இவ்வளவு வளர்ந்த செடியைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் பிழைக்காது. மொட்டு இப்போது வைத்தால்தான் தீபாவளிக்குள் காய் முற்றும்.

ஒரே ஒரு செடி மட்டும் மொட்டு வைத்திருந்தது. பாத்தியின் கோடியில், நீலத் தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் ஒதுங்கி நின்ற ஒரு நோஞ்சான்.

"அதுல விதை வருமே அண்ணி" என்றேன்.

"ஒத்தச் செடிய நம்பி வம்சத்த விடச் சொல்றியா? அதுவும் அந்த நோஞ்சான" என்றார். கோபமாகத்தான் சொன்னார். ஆனால் அதன் அடியில் யாரும் மிதிக்காமல் இரண்டு செங்கல்லை எடுத்து வைத்தார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெண் என் வண்டியில் ஏறினாள். பிரிக்பீல்ட்ஸில் கே.எல்.சென்ட்ரல் வாசலில், முதுகில் அவளைவிடப் பெரிய பை. கிள்ளானுக்குப் போகிறாள். நம் பிள்ளைதான். எங்கேயிருந்து வருகிறாய் என்று கேட்டேன். தாய்லாந்தில் சியாங் மாய் என்றாள். அங்கே என்ன வேலை?

"ஒரு மலைக் கிராமத்துல தங்கியிருந்தேன் அங்கிள். வாலன்டியர் மாதிரி. பழைய விதைங்களக் காப்பாத்துறவங்க."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்தேன். "என்ன விதைம்மா?"

கொஞ்சம் தயங்கினாள். "சொன்னா இறக்கி விட்டுற மாட்டீங்களே? கஞ்சா."

நான் முதலில் பார்த்தது டாஷ்கேமராவை. என் சொந்தக் கேமரா, என் சொந்த வண்டி, இருந்தாலும் பார்த்தேன். அவள் சிரித்துவிட்டாள். "பேசுறதுக்கெல்லாம் கேஸ் போட மாட்டாங்க அங்கிள். நான் ஒண்ணும் கொண்டு வரல, தொடவும் இல்ல. நம்ம ஊரு சட்டம் எனக்குத் தெரியாதா? என் அம்மா டெய்லி வீடியோ கால்ல என் கண்ண உத்துப் பாப்பாங்க."

பேசவைத்தால் பேசுகிற பிள்ளை. அங்கே வெளிநாட்டிலிருந்து புது ரக விதைகள் வந்து குவிந்துவிட்டதாம். அவற்றின் மகரந்தம் காற்றில் பறந்து வந்து, மலைக்காரர்கள் காலங்காலமாக வைத்திருந்த சொந்த ரகத்தோடு கலந்துவிடுகிறதாம். அந்தச் செடியில் ஆண் தனி, பெண் தனி. கலப்பு வராமல் இருக்க ஊரை விட்டுத் தள்ளி, மேடு தாண்டி நடுகிறார்களாம். ஒரே செடியில் விதை எடுக்க மாட்டார்கள், பலவற்றிலிருந்து எடுத்துக் கலப்பார்கள் என்றாள். எனக்கு அண்ணியின் பிஸ்கட் டின் கண்முன் வந்தது.

"இத்தன வருசமா மறைச்சு மறைச்சுக் காப்பாத்திருக்காங்க அங்கிள். இப்ப சட்டம் கொஞ்சம் விட்டதும்தான் கலந்து போகுது. அந்த ஊரு பாட்டன் ஒருத்தரு சொல்லுவாரு, போலீஸ்கிட்ட இருந்து ஒளிச்சு வைக்கத் தெரியும், காத்துகிட்ட இருந்து எப்படி ஒளிக்கிறதுன்னு."

ஷா ஆலாம் தாண்டினோம். நான் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன், வேறென்ன தொல்லை அங்கே என்று.

"ரோட்டு லைட்டு" என்றாள். "புதுசா ரோடு போட்டு லைட்டு வச்சாங்க. பக்கத்து நிலத்துல ஒண்ணுகூடப் பூக்கல. இலையா வளந்துகிட்டே போகுது. அந்தச் செடிக்கு நீளமான இருட்டு வேணும் அங்கிள். ராத்திரியில வெளிச்சம் பட்டா, பூக்கிற காலம் இன்னும் வரலன்னு நெனச்சுக்கிட்டு வளந்துகிட்டே இருக்கும். அப்புறம் கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடினாங்க."

நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அவள் பயந்துபோனாள்.

"அம்மா, அந்தச் செடி மட்டும்தானா? வேற செடியும் அப்படி இருக்குமா?"

"நெறைய இருக்கு அங்கிள். சில நெல்லுகூட அப்படித்தான். ஏன் அங்கிள்?"

அவளை அவள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, தொலைபேசியில் சவாரி ஆப்பை அணைத்துவிட்டுப் பறந்தேன். சந்துக்குள் போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். விளக்கு. விளக்குக்குக் கீழே தளதளவென்று காடு. கோடியில் நீலப் பீப்பாய். பீப்பாயின் பின்னால், விளக்கின் வெளிச்சம் எட்டாத மூலையில், மொட்டு வைத்த அந்த நோஞ்சான். இத்தனை நாள் கண்ணெதிரில் நின்றிருக்கிறது.

அண்ணியிடம் சொன்னேன். யார் சொன்னது என்றார். அதையும் சொன்னேன். அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முதலில் முறைத்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இது அது இல்லைன்னு போலீஸ் வரைக்கும் சத்தியம் பண்ணியாச்சு. கடைசில அதோட குணமெல்லாம் இதுக்கும் இருக்குன்னு நான் போய் சேர்மன்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

"நீங்க சொல்ல வேணாம் அண்ணி. நான் சொல்றேன்."

"நீ வாயத் திறந்தா சியாங் மாய்ல இருந்து ஆரம்பிப்ப. நானே வரேன்."

இப்படித்தான் நாங்கள் மூவரும் அந்தச் சாயங்காலம் சந்தில் வந்து நின்றோம். நான் சியாங் மாயில் இருந்துதான் ஆரம்பித்தேன். அண்ணி என் காலை மிதித்தார். செடிக்கு இருட்டு வேண்டும், கொஞ்ச நாளைக்கு விளக்கைப் போடாதீர்கள் என்று அண்ணி நேராகக் கேட்டார். சேர்மன் பீப்பாய்க்குப் பின்னால் குனிந்து மொட்டைப் பார்த்தார். நம்பினார் என்று நினைக்கிறேன். நம்பியதுதான் அவருக்குக் கஷ்டம். அதன்பின்தான் அந்த லைட்டை மட்டும் கேட்காதீர்கள் என்ற பேச்சு வந்தது.

"கறுப்புத் துணி போட்டு மூடிக்கலாம்ணே" என்றேன் நான்.

"நல்லாருக்கு! கறுப்புத் துணி போட்டு மூடினா, உள்ள என்னமோ இருக்குன்னு நாமளே போர்டு மாட்டுன மாதிரி. அந்தப் பக்கத்து ஆளு சும்மா இருப்பானா? போட்டோ புடிக்க ஸ்டாண்டே கொண்டு வருவான்."

"லைட்டு இல்லாம கேமரா மட்டும்?"

"அந்தக் கேமராவுக்கு ராத்திரியில ஒண்ணும் தெரியாது. மலிவு கேமராலா அது. கறுப்பா ஒரு படம் வரும், அவ்வளவுதான்." அவர் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்தார். "அக்கா, உங்களுக்குத் தெரியும். என் தம்பி கதை உங்களுக்குத் தெரியும். அன்னைக்குப் போலீஸ்காரங்க எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க பாருங்க, அதுக்கப்புறம் எங்க அம்மா பாசாருக்கே போகல. கீரை வாங்கக்கூட நான்தான் போவேன். இருட்டுல எவனாவது எதையாவது கொண்டுவந்து வச்சுட்டான்னா நான் என்ன சொல்லுவேன்? பொறுப்புன்னு சொன்னது நான்."

சந்தில் கொசு வர ஆரம்பித்திருந்தது. மசூதியில் தொழுகைக்கு அழைத்தார்கள். வழக்கமாக அந்தச் சத்தம் கேட்டதும் சேர்மன் சுவிட்சைத் தட்டப் போவார்.

அண்ணி செடிகளைப் பார்த்தார். அவர் குரல் இறங்கியிருந்தது, சண்டைக் குரல் இல்லை. "தம்பி, நான் உங்களக் கேக்குறேன். அன்னைக்குப் போலீஸ்காரரு முன்னால நின்னு பொறுப்புன்னு சொன்னது நீங்களா, உங்க பல்பா?"

சேர்மன் அண்ணாந்து விளக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் செருப்பைப் பார்த்தேன்.

அந்தக் கீரை பிறகு பூத்தது. வெளிர்மஞ்சள் பூ, நடுவில் கருஞ்சிவப்பு, ஒரு காலைக்கு மட்டும். தீபாவளிக்குப் பிறகு லொங்கான்காரர்கள் மண்ணைக் கொட்டும்போது, நெட்டையும் குட்டையும் நோஞ்சானுமாக எல்லாச் செடியின் விதையும் அண்ணியின் டின்னுக்குள் போயிருந்தது. இந்த முறை யாருக்கும் பொட்டலம் கொடுப்பதில்லை, நட்டு வளர்ப்பேன் என்று சொல்கிறவர் வீட்டுக்குத் தானே போய் மண்ணில் போட்டுவிட்டு வருவது என்று அண்ணி வைத்துக்கொண்டார். வண்டி ஓட்டுவது நான். இதையெல்லாம் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்குத் திரும்பத் திரும்ப வருவது அந்தச் சாயங்காலம்தான்.

சேர்மன் எங்களை விட்டுத் திரும்பி அவருடைய அடுப்படிக் கதவுக்குள் போனார். சுவிட்ச் அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். நான் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஏதோ உருட்டுகிற சத்தம் கேட்டது, அவர் மனைவி என்ன என்று கேட்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அவர் ஒரு கையில் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி, இன்னொரு கையில் கொசுவர்த்தி. விளக்கு எரியவில்லை. நாற்காலியைப் பாத்தியின் ஓரத்தில், கம்பத்துக்கு நேர் கீழே போட்டார். கால் ஆடியது, அண்ணி வைத்திருந்த செங்கல்லில் ஒன்றை எடுத்து முட்டுக் கொடுத்தார். கொசுவர்த்தியைக் கொளுத்திக் காலடியில் வைத்துவிட்டு, லொங்கானுக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்தபடி, கைகளைக் கட்டிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்தார்.